எங்களை முன்மாதிரி என்று சொல்வதற்கு முன்: பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களே,

உங்கள் எல்லாருக்கும் இதை எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனுக்குச் சிங்கப்பூர்தான் வழிகாட்டி என்று மேடையிலும் பத்திரிகையிலும் சொன்னவர்களுக்கும், இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு விளக்கம் தேவையில்லை. இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் இதுவும் ஒன்று. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் உங்களுக்கு வாக்களிப்பவர்களில் பலர் இதை வாசிக்கக்கூடியவர்கள். தேவைப்பட்டால் அவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் சிங்கப்பூரில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் பெர்மிட் போடும் வேலை பார்ப்பவள். கண்டெய்னர் எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது, அது எந்த நாட்டில் செய்யப்பட்டது, வரி யார் கட்டுவது என்பதையெல்லாம் கணினியில் நிரப்புவது என் பிழைப்பு. அரசியல் ஞானம் எனக்கு உண்டென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எல்லை என்பது யார் யாருடைய பணத்தையும் நேரத்தையும் தின்கிறது என்று தெரியும்.

2019 ஜனவரித் தொடக்கத்தில் அப்போதைய உங்கள் வெளியுறவு அமைச்சர் ஜெரமி ஹன்ட் இங்கே வந்திருந்தார். மலாயாத் தீபகற்பத்திலிருந்து பிரிந்த சிங்கப்பூர் தன்னுள் சுருங்கிவிடாமல் உலகோடு இணைந்துகொண்டது, பிரிட்டனுக்கு அதில் ஊக்கம் இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். இரண்டு நாடுகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பின்னால் அதே வாதத்தைக் கையில் எடுத்தவர்கள்தான் வேறுபாட்டையெல்லாம் உதிர்த்துவிட்டார்கள். தேம்ஸ் நதிக்கரையில் ஒரு சிங்கப்பூர், குறைந்த வரி, குறைந்த விதி, பக்கத்து வீட்டுக்காரனின் தயவு வேண்டாத சுதந்திரம்: இப்படி ஒரு நாடு எங்கேயோ இருக்கலாம். நான் குடியிருக்கும் நாடு அது இல்லை.

முதலில், நாங்கள் வாக்கெடுப்பு நடத்தி விலகவில்லை. 1963இல் மலேசியாவில் சேர்ந்ததற்கான பெரிய காரணங்களில் ஒன்று பொதுச் சந்தை. அந்த ஆண்டு ஜூலை 9ஆம் தேதி மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது உங்கள் லண்டன் மாநகரில்தான். படிப்படியாகப் பொதுச் சந்தை அமைக்கப்படும் என்று அதன் இணைப்பு ஒன்றில் எழுதியும் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அது வரவேயில்லை. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிவினை வந்தது. எங்கள் அன்றைய பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் பேச முடியாமல் கண்ணீர் விட்டார். நாங்கள் தேடிப் போய்க் கிடைக்காதது எதுவோ, அதைக் கையில் வைத்திருந்து விட்டுவிட்டு வந்தவர்கள் நீங்கள். இரண்டையும் எப்படி ஒரே கதையாக்குகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பிரிந்த பிறகு நடந்ததை உங்கள் பேச்சுகளில் நான் கேட்டதே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றன் சரக்குக்கு ஒன்று ஒதுக்கீடும் தீர்வையும் விதித்தன. 1967இல் எங்களை மலேசியாவோடு இணைக்கும் கடற்பாலத்தில் கடப்பிதழ் பரிசோதனை தொடங்கியது. அதே ஆண்டு நாணயம் பிரிந்தது. 1972இல் விமான நிறுவனம் இரண்டானது, 1973இல் பங்குச் சந்தை. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலத்தின் அக்கரையில் அண்ணனும் இக்கரையில் தம்பியுமாக இருந்த குடும்பங்கள் எங்கள் தமிழர்களிடையே ஏராளம். தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களும், இங்கே துறைமுகத்திலும் நகராண்மையிலும் உழைத்தவர்களும் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதோடு முடிந்ததா? 1968 ஜனவரியில் உங்கள் பிரதமர் ஹெரால்ட் வில்சன், சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படைகள் 1971 இறுதிக்குள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். பிரிட்டிஷ் தளங்கள் அப்போது சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்களில் குடியுரிமை எடுக்காதவர்கள் நிறைய இருந்தார்கள். குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1965லேயே இங்கு வந்துவிட்டது. வேலையும் போய் அனுமதியும் கிடைக்காதவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அக்கரையில் 1969இல் அதே வகை விதி வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள். உங்கள் நாட்டில் 2021 தொடக்கத்தோடு ஐரோப்பியத் தொழிலாளர்களின் தடையற்ற வருகை நின்றுபோனதும் பழம் பறிக்க ஆள் இல்லை, லாரி ஓட்ட ஆள் இல்லை என்று செய்திகள் வந்தன. பறித்தவனும் ஓட்டியவனும் என்ன ஆனார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. எல்லைக் கதையில் அவர்கள் பங்குக்கு எப்போதும் ஒரு வரிதான் கிடைக்கும். எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

இப்போது நீங்கள் எங்களைப் பாராட்டும் இடத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் உலகுக்குத் திறந்துகொண்டது உண்மை. ஆனால் எந்த வாசலை முதலில் திறந்தது என்று பாருங்கள். பிரிந்து சரியாக இரண்டு ஆண்டுகள் ஆவதற்கு ஒரு நாள் முன்பு, 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி, பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய பிரகடனத்தில் சிங்கப்பூர் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டவர் எங்கள் முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். அதே மேசையில் மலேசியாவின் துன் அப்துல் ரசாக் இருந்தார். வெளியே அனுப்பியவரோடு உட்கார்ந்து இன்னொரு கூட்டமைப்பு. 1992இல் ஆசியான் தடையற்ற வணிக வட்டாரத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானதும் சிங்கப்பூரில்தான். 2025 ஜனவரியில் மலேசியாவும் நாங்களும் சேர்ந்து, பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் ஜோகூர் மாநிலத்தில் சிறப்புப் பொருளியல் மண்டலம் அமைக்கும் உடன்பாட்டில் கையொப்பமிட்டோம். பிரிந்து அறுபது ஆண்டுகளாக நாங்கள் செய்துவந்த வேலையே, பிரிந்தவரோடு துண்டு துண்டாக மறுபடி சேர்வதுதான். இதைத்தான் முன்மாதிரி என்று சொல்கிறீர்களா?

அண்டை வீடு பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தூக்கிக் கடலுக்கு அப்பால் வைக்க முடியாது. 2020 மார்ச் மாதம் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது, அன்றாடம் பாலம் கடந்து வேலைக்கு வந்தவர்கள் ஒன்றிரண்டு நாள் அவகாசத்தில் எந்தப் பக்கம் இருப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பஸ் ஓட்டுநர்கள், பாதுகாவலர்கள், துப்புரவாளர்கள், தாதியர் எனப் பலர். அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பது லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தேநீர் குடிக்கும் எவருக்கும் தெரியும். சிலருக்குத் தங்க இடம் கிடைக்கும்வரை எம்ஆர்டி ரயில் நிலையத்து ஓரம்தான் படுக்கை. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூன் 1ஆம் தேதி, மலேசியா தன் நாட்டுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. எங்கள் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் முகத்தில் அந்த வாரம் ஈயாடவில்லை. உலகத்தின் எத்தனையோ நாடுகளோடு தடையற்ற வணிக உடன்பாடு வைத்திருந்தாலும், நாளைக் காலைச் சந்தைக்கு வரும் உயிருள்ள கோழி சிட்னியிலிருந்து வராது.

எல்லை ஒன்று போட்டுவிட்டால் அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கரையில் பெட்ரோல் மலிவு. எனவே இங்கே பதிவான கார் நாட்டைவிட்டுப் போகும்போது தொட்டியில் பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989இல் விதி வந்தது. அப்போது அரைத் தொட்டி. 1991இல் அது முக்கால் தொட்டியானது. வட அயர்லாந்து எல்லையில் மலிவு டீசல் கடத்தலின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. இன்னொன்று: 1998 முதல் 2011 வரை சிங்கப்பூர் நகரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் ரயிலேறியவர்களுக்கு மலேசியக் குடிநுழைவுச் சோதனை அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும், சிங்கப்பூர்ச் சோதனை பிறகு பாலத்தருகே உட்லண்ட்ஸில். அதாவது சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே அவர்கள் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றோம். அந்தச் சிக்கலை அவிழ்க்க இரு நாட்டுத் தலைவர்களுக்கு இருபது ஆண்டு பிடித்தது. இப்போது ஜோகூரின் புக்கிட் சாகாருக்கும் இங்கே உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே அமையும் ரயில் சேவையில், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் ஒருசேர முடியும்படி ஏற்பாடு. அதற்கு ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டின் மண்ணில் உட்கார வேண்டும். இறையாண்மை அதனால் தேய்ந்துவிடவில்லை.

விதி குறைந்த நாடு என்ற கதைக்கு அதிகம் சொற்களைச் செலவழிக்க விரும்பவில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அரசாங்கத்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வசிக்கும் நாடு இது. முதலாளியும் தொழிலாளியும் மத்திய சேமநிதியில் பணம் போட்டே ஆக வேண்டும். நம்பிக்கை வராதவர்கள் ஒரு பெட்டி சூயிங்கம் விற்பனைக்கென்று இறக்கிப் பார்க்கட்டும். பெர்மிட் போட என்னிடம் வர வேண்டாம்.

எங்களிடம் கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஒன்று உண்டு, அது என் மேசைமேல் இருக்கிறது. 1989 ஜனவரியில் டிரேட்நெட் என்ற மின்னணு அனுமதி முறை தொடங்கியது. அதற்கு முன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக ஆள் அலைய வேண்டும். அனுமதி கைக்கு வர நாள்கணக்காகும். இப்போது ஒரே விண்ணப்பம் சுங்கத் துறைக்கும் உணவு அமைப்புக்கும் மற்றவர்களுக்கும் போய், பெரும்பாலும் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். கட்டணம் சில வெள்ளி. கவனியுங்கள்: விதிகள் குறையவில்லை, அலைச்சல்தான் குறைந்தது. இந்த வேலையைப் பற்றி உங்கள் அவையில் ஆர்வமாகப் பேசியவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் செயல் என்ன? நீங்களும் ஒற்றைச் சாளரத் திட்டம் அறிவித்தீர்கள். 2024 இறுதியில் அதை நிறுத்தி வைத்தீர்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்குகளுக்கான முழுச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்டீர்கள். அந்தச் சோதனைகளுக்கான ஏற்பாடுகளும் மற்ற எல்லைப் பணிகளும் சேர்ந்து குறைந்தது 470 கோடி பவுண்ட் செலவு என்று உங்கள் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாதம் சொன்னது. துறைமுகங்கள் சோதனைக் கூடங்களைக் கட்டிவிட்டுத் தேதிக்காகக் காத்திருந்தன. தள்ளிப்போட்ட ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் ஒரு சரக்கு முகவர் ஆள் எடுத்திருப்பார், பயிற்சி கொடுத்திருப்பார், பிறகு அந்த ஆளைச் சும்மா உட்கார வைத்திருப்பார். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்.

2021 தொடக்கத்தில் சில மாதங்கள், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போகும் கனரக லாரிகள் துறைமுகம் இருக்கும் கென்ட் மாவட்டத்துக்குள் நுழையவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்று படித்தபோது, நான் இரண்டு தடவை படித்தேன். எல்லையை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டீர்கள். ஐரிஷ் கடலில் போட்ட கோடும் அத்தகையதே. வட அயர்லாந்தில் அமைதி கொண்டுவந்த 1998 பெரிய வெள்ளி உடன்பாட்டைக் காக்க அயர்லாந்துத் தீவின் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லையில் சாவடி வைக்கக் கூடாது என்பது சரியான முடிவு. அதற்கு விலையாகச் சோதனை உங்கள் நாட்டின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. 2023இல் ஐரோப்பாவோடு செய்த விண்ட்சர் கட்டமைப்பு என்ற உடன்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைத் தடம், அப்பால் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்து வலியைக் குறைத்திருக்கிறது. வலி போகவில்லை, பொட்டலத்தில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடிக்க வேண்டியிருக்கிறது.

தீர்வை இல்லை, ஒதுக்கீடு இல்லை என்று 2020 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஐரோப்பாவோடு எட்டிய உடன்பாட்டைக் கொண்டாடினீர்கள். என்னைப் போன்ற பெர்மிட் போடுகிறவர் யாரிடமாவது கேட்டிருந்தால், பொருள் எங்கே செய்யப்பட்டது என்று நிரூபி என்ற அடுத்த வரியைப் படிக்கச் சொல்லியிருப்பார். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் பெர்சி பிக் மிட்டாய் ஜெர்மனியில் செய்யப்பட்டுப் பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக்குப் போகும்போது தீர்வைக்கு உள்ளானதை அந்த ஜனவரியில் உங்கள் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பெரிய கடை, பெரிய செய்தி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் இறக்கி, அதில் ஒரு பகுதியைப் பாரிஸ் லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்ப நினைக்கும் லண்டன் தமிழ் மொத்த வியாபாரிக்கும் அதே சட்டம்தான். பொட்டலம் மாற்றினால் இந்திய மிளகாய் பிரிட்டிஷ் மிளகாய் ஆகாது. தீர்வை உள்ள சரக்கென்றால் உங்கள் கரையில் ஒன்று, அவர்கள் கரையில் இன்னொன்று. தவிர்க்க வேண்டுமானால் சுங்கக் கிடங்கு, அதற்கு உத்தரவாதம், கணக்கு, கணக்கெழுத ஆள். மறு ஏற்றுமதியிலேயே வளர்ந்த துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு இது பால பாடம். ஆண்டுக்குக் கூடுதலாக 21.5 கோடி சுங்கப் பத்திரங்கள், பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு 750 கோடி பவுண்ட் செலவு என்று உங்கள் வருவாய், சுங்கத் துறை 2019லேயே கணக்குப் போட்டுக் கொடுத்தது. பெரிய நிறுவனம் அதை ஒரு பிரிவாக வைத்துச் சமாளிக்கும். சின்னக் கடைக்காரர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டுவிடுவார். அப்படி விட்டவரின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக நிற்காது.

எங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்க வருத்தமாக இருக்கலாம். 2020 டிசம்பர் 10ஆம் தேதி உங்கள் அன்றைய வணிக அமைச்சர் லிஸ் டிரஸ் இங்கே வந்து கையெழுத்திட்டார். அது பெரும்பாலும் 2010 முதல் நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசி 2018இல் கையெழுத்திட்டு, 2019 நவம்பரில் நடப்புக்கு வந்த உடன்பாட்டின் நகல். விலகியதால் கிடைத்த பரிசு அல்ல, விலகியதால் இழக்காமல் காப்பாற்றிக்கொண்டது. தீர்வை என்று பார்த்தாலும், பீர், ஸ்டவுட், சம்சுச் சாராயம் போன்ற சிலவற்றைத் தவிர நாங்கள் யாருடைய சரக்குக்கும் சுங்கத் தீர்வை போடுவதில்லை. 2022இன் மின்னிலக்கப் பொருளியல் உடன்பாடு மட்டும் உண்மையிலேயே புதிது, அதை மதிக்கிறேன். 2024 டிசம்பரில் பசிபிக் வட்டார நாடுகளின் வணிகக் கூட்டு உடன்பாட்டில் நீங்கள் சேர்ந்தபோது இங்கே வரவேற்றோம். ஆனால் நீண்டகாலத்தில் அதனால் பிரிட்டனுக்குக் கிடைக்கும் கூடுதல் வளர்ச்சி 0.08 விழுக்காடு என்று 2021இல் கணித்தது உங்கள் அரசாங்கமே. ஐரோப்பாவைவிட்டு விலகியதால் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்று கணித்தது உங்கள் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

இனி என் வேண்டுகோள். 2025 மே 19ஆம் தேதி லண்டனில், விலங்கு, தாவர நலச் சோதனைகளில் பொது வட்டாரம் ஒன்றை அமைப்பதற்கு வேலை செய்ய நீங்களும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்புக்கொண்டீர்கள். இறைச்சி, பால், செடிகொடிகளுக்கு ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்து வாங்கும் வேலை அதனால் பெருமளவு குறையும். ஒரு சரக்குக்கு 145 பவுண்ட் வரை போகும் எல்லைச் சோதனைப் பொதுக் கட்டணத்தின் சுமையும் ஐரோப்பாவிலிருந்து வாங்குகிறவர்களுக்குக் குறையும். ஐரிஷ் கடல் கோடும் மெலியும். பதிலுக்கு அந்தத் துறையில் ஐரோப்பாவின் விதிகள் மாறும்போது நீங்களும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சரணாகதி என்று சிலர் சொல்கிறார்கள். சிங்கப்பூர் இப்படிப் பணிந்திருக்குமா என்றும் கேட்கிறார்கள்.

பணிந்திருக்கும். நாங்கள் எந்த நாட்டுக்கு அனுப்புகிறோமோ அந்த நாட்டின் விதிப்படிதான் பத்திரம் எழுதுகிறோம். அவர்கள் விதி மாறினால் மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் படிவம் மாறிவிடும். அதைப் பற்றி இங்கு யாரும் ஊர்வலம் போவதில்லை. அந்தப் பொது வட்டாரத்துக்கான சட்டம் உங்கள் அவைக்கு வரும்போது ஆதரிப்பதும் எதிர்ப்பதும் உங்கள் உரிமை. எதிர்ப்பதானால் அதற்கு எங்கள் நாட்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஆதரிப்பதானால், நிறுத்தி வைத்த ஒற்றைச் சாளரத் திட்டத்தையும் தூசி தட்டி எடுங்கள். அடுத்த தேதியை அறிவிக்கும்போது அது மாறாது என்று எழுத்தில் கொடுங்கள். கடைக்காரர்கள் அதை நம்பித்தான் ஆள் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
பெர்மிட் போடும் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்